எலெக்ட்ரிக் பாய்மரப் படகு: நடுக்கடலில் பேட்டரிக்கு சார்ஜ் ஏறுவது எப்படி? வழிகாட்டிய காஸ்டன் பிளான்டே யார்?

பாய்மரப் படகில் இருக்கும் டீசல் இன்ஜினைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் எலெக்ட்ரிக் மோட்டாரைப் பொருத்துபவர்கள் இப்போது பல நாடுகளில் இருக்கிறார்கள். சத்தம் இல்லை, புகை இல்லை, டீசல் வாடை இல்லை. துறைமுகத்துக்குள் நுழையவும், காற்று விழுந்துவிட்ட நேரத்தில் நகரவும் மோட்டார் இருந்தால் போதும். மற்ற நேரத்தில் பாய் பார்த்துக்கொள்ளும்.

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா, ஒரு கேள்வி இருக்கிறது. சாலையில் ஓடும் எலெக்ட்ரிக் காருக்கு வழியில் சார்ஜிங் ஸ்டேஷன் கிடைக்கும். கரையே கண்ணுக்குத் தெரியாத கடலில், படகின் பேட்டரிக்கு எங்கிருந்து சார்ஜ் வரும்?

கிட்டத்தட்ட இதே கேள்வியோடு 160 ஆண்டுகளுக்கு முன்பே மல்லுக்கட்டியவர் ஒருவர் இருக்கிறார். பிரான்ஸைச் சேர்ந்த இயற்பியல் அறிஞர் காஸ்டன் பிளான்டே. திரும்பத் திரும்ப சார்ஜ் செய்து பயன்படுத்தக்கூடிய பேட்டரியை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் இவர்தான். ஆனால் அவர் அதைச் செய்துமுடித்தபோது, சார்ஜ் போடுவதற்கு உலகத்தில் மின் நிலையமே கிடையாது. பிறகு என்னதான் செய்தார்? விரிவாகப் பார்க்கலாம்.

பிளான்டேவுக்கு முன் பேட்டரி எப்படி இருந்தது?

1800-ம் ஆண்டு இத்தாலியின் அலெசாண்ட்ரோ வோல்டா முதல் பேட்டரியை உருவாக்கினார். அதன்பின் 60 ஆண்டுகளில் டேனியல் செல், குரோவ் செல், புன்சன் செல் என்று பல வகைகள் வந்தன. எல்லாவற்றுக்கும் ஒரே குறை. உள்ளே இருக்கும் துத்தநாகம் கரைந்துகொண்டே போகும். அது கரைவதால்தான் கரன்ட் வரும். கரைந்து முடிந்தால் கதை முடிந்தது. புதிய துத்தநாகமும் புதிய அமிலமும் வாங்கி மாற்ற வேண்டும். இன்றைய டார்ச் லைட் செல்லைத் தீர்ந்ததும் தூக்கிப் போடுவது போலத்தான்.

இந்தக் குறை ஒரு படகை எப்படிப் பாதித்தது என்பதற்கு அன்றே ஓர் உதாரணம் உண்டு. 1838-ல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் மோரிட்ஸ் யாக்கோபி என்ற பொறியாளர், நேவா நதியில் பத்துக்கும் மேற்பட்டோரை ஏற்றிக்கொண்டு எலெக்ட்ரிக் படகை ஓட்டிக் காட்டினார். மோட்டார் சுழன்றது, படகும் நகர்ந்தது. அடுத்த ஆண்டு குரோவ் செல்களை வைத்து வேகத்தையும் கூட்டினார். ஆனால் அந்த செல்களிலிருந்து மூச்சை அடைக்கும் நைட்ரிக் அமிலப் புகை கிளம்பும். பிளாட்டினத் தகடுகளின் விலையோ கையைக் கடிக்கும். போதாக்குறைக்கு, ஓட ஓடத் துத்தநாகம் காலியாகும். நிலக்கரியை எரிப்பதைவிடத் துத்தநாகத்தைக் 'கரைப்பது' பல மடங்கு செலவு.

ஆக, 1838-லேயே எலெக்ட்ரிக் படகுக்கு மோட்டார் கிடைத்துவிட்டது. கிடைக்காதது, தீர்ந்த பிறகு மறுபடி நிரப்பக்கூடிய பேட்டரி.

யார் இந்த காஸ்டன் பிளான்டே?

1834 ஏப்ரல் 22-ம் தேதி, தென்மேற்கு பிரான்ஸின் ஓர்தேஸ் என்ற சிறிய ஊரில் பிறந்தார் பிளான்டே. திறமை நிறைந்த குடும்பம். தம்பி ஃபிரான்சிஸ் பிளான்டே பின்னாளில் ஐரோப்பா அறிந்த பியானோ கலைஞரானார்.

படிப்பெல்லாம் பாரிஸில். 1854-ல், 20 வயதில், பாரிஸின் கலை, தொழில் பயிலகத்தில் இயற்பியல் உதவியாளராகச் சேர்ந்தார். அங்கே அவருக்கு மேலே இருந்த பேராசிரியர் எட்மண்ட் பெக்கரல். ஒளி பட்டால் மின்சாரம் பிறக்கும் என்பதை 1839-ல், தன் 19 வயதில் கண்டறிந்தவர். சோலார் பேனலின் ஆரம்பப் புள்ளி அந்தக் கண்டுபிடிப்புதான். இன்றைய எலெக்ட்ரிக் பாய்மரப் படகின் மேல்தளத்தில் சோலார் பேனலும், அடித்தளத்தில் பேட்டரியும் இருக்கும். மேலே இருப்பதற்கு அடி எடுத்துக் கொடுத்தவரும், கீழே இருப்பதற்கு அடி எடுத்துக் கொடுத்தவரும் ஒரே கூடத்தில் பேராசிரியரும் உதவியாளருமாக வேலை பார்த்தவர்கள் என்பது ஆச்சரியமான விஷயம்.

பேட்டரிக்கு முன்பே பிளான்டேவின் பெயர் வேறொரு துறையில் பதிந்துவிட்டது. 1855-ல் பாரிஸை ஒட்டிய மூடோன் பகுதியில் அவர் ஒரு பெரிய எலும்புப் புதைபடிவத்தைக் கண்டெடுத்தார். மனிதனைவிட உயரமாக வளரக்கூடிய, பறக்க முடியாத ஆதிகாலப் பறவையின் எலும்பு அது. கண்டெடுத்தவரின் பெயரிலேயே அந்தப் பறவைக்கு 'காஸ்டோர்னிஸ்' என்று பெயர் வைத்தார்கள். இன்றும் புதைபடிவ நூல்களில் அதே பெயர்தான்.

1859: என்ன செய்தார்?

பழைய பேட்டரிகளை இயக்கும்போது கரன்ட் படிப்படியாகக் குறையும். உள்ளே இருக்கும் தகடுகளில் ஏற்படும் மாற்றம் எதிர்த் திசையில் ஒரு மின்னழுத்தத்தை உண்டாக்குவதுதான் காரணம். மற்றவர்கள் இதை ஒழிக்கவேண்டிய தொல்லையாகப் பார்த்தார்கள். பிளான்டே வேறு மாதிரி யோசித்தார். எதிர்த் திசையில் கரன்ட் வருகிறது என்றால், உள்ளே எதுவோ சேர்ந்திருக்கிறது. அந்தச் சேமிப்பையே பெரிதாக்கினால் என்ன?

தங்கம், வெள்ளி, தாமிரம், தகரம், ஈயம் என்று பல உலோகங்களை ஒவ்வொன்றாகச் சோதித்தார். ஜெயித்தது ஈயம். ஈயத்தில் இப்படி ஒரு விளைவு இருப்பதை ஜெர்மனியின் சின்ஸ்டெடன் என்ற மருத்துவர் 1854-லேயே கவனித்து எழுதியிருந்தார். ஆனால் அதைப் பயன்படுத்தும் கருவியாக மாற்றிக் காட்டியது பிளான்டேதான்.

செய்முறை மிக எளிமையானது. இரண்டு நீளமான ஈயத் தகடுகள். ஒன்றோடொன்று ஒட்டாமல் நடுவே துணி; பின்னாளில் ரப்பர் பட்டைகள். இரண்டையும் சேர்த்துப் பாய் சுருட்டுவது போலச் சுருட்டி, கண்ணாடி ஜாடியில் நிறுத்தி, நீர்த்த கந்தக அமிலத்தை ஊற்றினார். அவ்வளவுதான்.

வெளியிலிருந்து கரன்ட் செலுத்தினால் ஒரு தகட்டின் மேல் ஈய டை ஆக்சைடு படியும். மற்றது பஞ்சு போன்ற ஈயமாக மாறும். இதுதான் சார்ஜ் ஆன நிலை. கரன்ட்டை வெளியே எடுத்தால் இரண்டு தகடுகளும் ஈய சல்ஃபேட்டாக மாறும், அமிலமும் தண்ணீராகும். மீண்டும் கரன்ட் கொடுத்தால் எல்லாம் பழைய நிலைக்கே திரும்பும். கரைந்து தீர்ந்துபோவது என்று எதுவும் இல்லை. வீட்டு இன்வெர்ட்டரிலும், கார் பேட்டரியிலும், பல படகுகளிலும் இன்று நடப்பது இதே வேதிவினைதான்.

1860 மார்ச்சில், ஒன்பது செல்களைச் சேர்த்து உருவாக்கிய பேட்டரியை பிரெஞ்சு அறிவியல் அகாடமிக்கு அளித்தார். அப்போது அவருக்கு வயது 25.

பேட்டரியை சார்ஜ் செய்ய... இன்னொரு பேட்டரி!

சிக்கல் இங்கேதான் ஆரம்பம். சேமிக்கும் பாத்திரம் தயார். அதில் ஊற்ற மின்சாரம் எங்கே? பெரிய அளவில் கரன்ட் தரும் கிராம் டைனமோ வந்தது 1871-ல். அதற்கு 11 ஆண்டுகள் முன்பே பிளான்டேவின் பேட்டரி வந்துவிட்டது.

வேறு வழியில்லாமல், எதை மாற்ற நினைத்தாரோ அதையே நம்ப வேண்டியிருந்தது. துத்தநாகத்தைக் கரைக்கும் பழைய புன்சன் செல்களை வைத்துத்தான் தன் பேட்டரியை சார்ஜ் செய்தார். அதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. ஈய செல் ஒன்றின் மின்னழுத்தம் சுமார் 2 வோல்ட். புன்சன் செல் தருவது சுமார் 1.9 வோல்ட். உயரமான தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற வேண்டுமானால், மோட்டார் அந்த உயரத்துக்கு மேலே தள்ளினால்தான் முடியும். அதேபோல சார்ஜ் கொடுப்பதன் மின்னழுத்தம், சார்ஜ் வாங்குவதைவிட அதிகமாக இருக்க வேண்டும். எனவே ஒரு புன்சன் செல் போதாது. இரண்டைத் தொடராக இணைத்தார்.

அடுத்து அவர் செய்ததுதான் சாமர்த்தியம். 20 ஈய செல்களை ஒன்றுக்கொன்று பக்க இணைப்பில் வைத்தால், எல்லாவற்றுக்கும் சேர்த்து 2 வோல்ட் உயரம்தான். வெறும் இரண்டு புன்சன் செல்களை வைத்து நிதானமாக எல்லாவற்றையும் நிரப்பிவிடலாம். நிரம்பியதும் ஒரு திருகு மாற்றியைத் திருப்பினால், 20 செல்களும் தொடர் இணைப்புக்கு மாறி 40 வோல்ட் தரும். சிறுகச் சேர்த்துப் பெருக எடுப்பது. பிறகு 800 செல்கள் வரை சேர்த்து, ஆயிரக்கணக்கான வோல்ட்களில் ஆய்வு செய்யவும் இதே வழிதான் உதவியது.

இன்றைய படகிலும் இதே விதி அப்படியே இருக்கிறது. 48 வோல்ட் பேட்டரி வங்கிக்கு 18 வோல்ட் சோலார் பேனலை நேரடியாக இணைத்தால் ஒரு துளிகூட ஏறாது. பேனல்களைத் தொடராக இணைக்கவேண்டும்; அல்லது மின்னழுத்தத்தை உயர்த்தித் தரும் சார்ஜ் கன்ட்ரோலர் வேண்டும். படகில் சோலார் போட்டும் சார்ஜ் ஏறவில்லை என்றால், முதலில் பார்க்கவேண்டிய இடங்களில் இதுவும் ஒன்று.

மாதக்கணக்கில் பொறுமை

இன்னொரு தடையும் இருந்தது. புது ஈயத் தகடு வழவழப்பாக இருக்கும். மேல்தோல் மட்டும்தான் வினைபுரியும். அதனால் கொள்ளளவு மிகக் குறைவு. பிளான்டே விடவில்லை. சார்ஜ் செய்வார், இறக்குவார், திசையை மாற்றி மறுபடி சார்ஜ் செய்வார், சில நாள் ஓய்வு கொடுப்பார், மீண்டும் தொடங்குவார். ஒவ்வொரு சுற்றிலும் ஈயத்தின் மேல்பகுதி கொஞ்சம் கொஞ்சமாகப் பஞ்சு போல மாறி, வினைபுரியும் பரப்பு கூடும். இதற்கு 'ஃபார்மிங்' என்று பெயர். ஒரு பேட்டரி தயாராக மாதங்கள் ஆகும்.

இத்தனை உழைத்தும் சந்தையில் பெரிய வரவேற்பு இல்லை. ஏறத்தாழ 20 ஆண்டுகள், அந்தப் பேட்டரி பெரும்பாலும் ஆய்வகங்களிலும் சில சிறப்புப் பயன்பாடுகளிலும்தான் இருந்தது. அறுவை சிகிச்சையில் திசுவைச் சுடும் பிளாட்டினக் கம்பியைச் சூடாக்கவும், உடலுக்குள் வெளிச்சம் காட்டும் கருவிகளுக்கும் மருத்துவர்கள் அதைப் பயன்படுத்தினார்கள். அந்தக் கருவிகளை வடிவமைத்தவர்களில் முக்கியமானவர் பாரிஸின் குஸ்தாவ் த்ரூவே. படகுக் கதையில் இவர் பெயர் மறுபடியும் வரும்.

பிளான்டே அந்த இடைக்காலத்தில் சும்மா இருக்கவில்லை. தன் பேட்டரிகளின் உயர் மின்னழுத்தத்தை வைத்து மின்னல், பந்து மின்னல், துருவ ஒளி போன்ற இயற்கை நிகழ்வுகளை ஆய்வகத்தில் சிறிய அளவில் நிகழ்த்திப் பார்த்தார். 1877-ல் மின்தேக்கிகளைப் பக்க இணைப்பில் நிரப்பித் தொடராக வெளியேற்றும் ஒரு கருவியையும் அமைத்தார். 1879-ல் தன் 20 ஆண்டு ஆய்வுகளை ஒரே நூலாக வெளியிட்டார்.

1881: ஒரே வருடத்தில் எல்லாம் மாறியது

1880-களின் தொடக்கத்தில் டைனமோக்கள் பரவலாகின. சார்ஜ் போட ஆள் வந்தாச்சு. சரியாக அதே நேரத்தில் பிரான்ஸின் காமில் ஃபோர் என்ற பொறியாளர், ஈயத் தகட்டின் மேல் ஈய ஆக்சைடு பசையைப் பூசினால் மாதக்கணக்கில் 'ஃபார்மிங்' செய்யத் தேவையில்லை என்று காட்டினார். மாதங்கள் நாள்களாகச் சுருங்கின. தொழிற்சாலைகள் களத்தில் இறங்கின.

1881 மே மாதம், ஃபோரின் நான்கு செல்கள் அடங்கிய சார்ஜ் ஏற்றிய பெட்டி பாரிஸிலிருந்து ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவுக்குப் பயணமானது. 72 மணி நேரம் கழித்து அதை வாங்கிச் சோதித்தவர், பின்னாளில் கெல்வின் பிரபு என்று அறியப்பட்ட வில்லியம் தாம்சன். பாரிஸில் ஏற்றிய மின்சாரம் கடல் கடந்து வந்தும் உள்ளேயே இருந்தது. தாம்சனின் ஆதரவால் சேமிப்பு பேட்டரி ஐரோப்பா முழுக்கப் பேசுபொருளானது. தாம்சன் 'லாலா ரூக்' என்ற பாய்மரப் படகைச் சொந்தமாக வைத்திருந்த கடல் பிரியரும்கூட.

அதே 1881-ல் குஸ்தாவ் த்ரூவே, ஏப்ரலில் பிளான்டே வகை செல்களை வைத்து மூன்று சக்கர வண்டியை பாரிஸ் வீதியில் ஓட்டினார். மே மாதம், கழற்றி மாட்டக்கூடிய மோட்டாரை ஒரு படகில் பொருத்தி சென் நதியில் ஓட்டினார். ஆனால் படகில் அவர் வைத்தது பிளான்டேவின் பேட்டரி அல்ல, துத்தநாகத்தைக் கரைக்கும் பைக்ரோமேட் பேட்டரி. துத்தநாகமும் கரைசலும் கையில் இருந்தால் அதை எந்தக் கரையிலும் மாற்றிக்கொள்ளலாம். ரீசார்ஜ் பேட்டரிக்கோ கரையில் டைனமோ இருக்கவேண்டும். 1881-ல் எந்தப் படகுத்துறையில் அது இருந்தது?

அடுத்த ஆண்டே அந்த நிலையும் மாறத் தொடங்கியது. 1882 செப்டம்பரில், 'எலெக்ட்ரிசிட்டி' என்று பெயரிட்ட சுமார் 25 அடிப் படகு, ஈய சேமிப்பு பேட்டரிகளை அடுக்கிக்கொண்டு லண்டனின் தேம்ஸ் நதியில் ஓடியது. 1880-களின் இறுதியில் அதே தேம்ஸில் எலெக்ட்ரிக் உல்லாசப் படகுகள் வாடகைக்கு வந்தன. அவற்றுக்காக நதியில் மிதக்கும் சார்ஜிங் நிலையங்களும் வந்தன. நீராவி இன்ஜினும் டைனமோவும் ஏற்றிய தோணிகள் அவை. பகலில் ஓடிய படகுகள் இரவில் அவற்றின் பக்கத்தில் கட்டப்பட்டு சார்ஜ் ஏற்றிக்கொள்ளும். 1893-ல் அமெரிக்காவின் சிகாகோ உலகக் கண்காட்சியில் 50-க்கும் மேற்பட்ட எலெக்ட்ரிக் படகுகள் 10 லட்சத்துக்கும் மேற்பட்டோரை ஏற்றிச் சென்றன.

ஆக, சார்ஜிங் ஸ்டேஷன் என்பது இந்த நூற்றாண்டின் யோசனையே இல்லை. சுமார் 135 ஆண்டுகளுக்கு முன் தண்ணீரின் மேலேயே அது இருந்தது. பிறகு மலிவான பெட்ரோல் இன்ஜின் வந்ததும் மெல்ல மறைந்துபோனது.

இன்றைய பாய்மரப் படகில் சார்ஜ் எப்படி ஏறுகிறது?

மொத்தம் ஐந்து வழிகள்.

* கரை மின்சாரம்: படகுத்துறையில் கட்டியதும் ஒயரைச் செருகி இரவு முழுக்க ஏற்றுவது. பெரும்பாலான எலெக்ட்ரிக் படகுகளுக்கு இதுதான் முதல் வழி.

* சோலார் பேனல்: 400 வாட் பேனல், நல்ல வெயிலில் 5 மணி நேரம் முழுத் திறனுக்கு இணையாக வேலை செய்தால் 2 யூனிட். பாயின் நிழல் விழுந்தால் அதுவும் குறையும்.

* சிறு காற்றாலை: இரவிலும் வேலை செய்யும். ஆனால் காற்று பலமாக வீசினால்தான் பயன். காற்று போகும் திசையிலேயே படகும் போகும்போது, காற்றாலைக்குக் கிடைக்கும் காற்று குறைந்துவிடும்.

* சுழலும் புரொப்பல்லர்: பாய் விரித்துப் போகும்போது தண்ணீரே புரொப்பல்லரைச் சுழற்றும். அப்போது மோட்டார் டைனமோவாக மாறி பேட்டரிக்குக் கரன்ட் அனுப்பும். எலெக்ட்ரிக் பாய்மரப் படகுக்கே உரிய வசதி இது. ஆனால் இலவசம் இல்லை. படகின் வேகத்தில் கொஞ்சம் குறையும். 3, 4 நாட் வேகத்தில் பெரிதாக எதுவும் கிடைக்காது. 6 நாட் தாண்டினால் சில நூறு வாட் வரும். 300 வாட் என்று வைத்தால் 10 மணி நேரத்தில் 3 யூனிட்.

* டீசல் ஜெனரேட்டர்: நீண்ட கடற்பயணம் போகும் பலர் அவசரத்துக்காக வைத்திருப்பது.

இப்போது செலவைப் பார்ப்போம். உதாரணத்துக்கு, 30 அடிப் படகு ஒன்று 4 நாட் வேகத்தில் போக 2 கிலோவாட் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 48 வோல்ட், 200 ஆம்பியர்-மணி பேட்டரி வங்கியில் 9.6 யூனிட் இருக்கும். ஈய பேட்டரியாக இருந்தால், ஆயுள் கெடாமல் இருக்கப் பாதியைத்தான் எடுக்கவேண்டும். அதாவது 4.8 யூனிட். படகு சுமார் 2 மணி 25 நிமிடம் ஓடும். கிட்டத்தட்ட 10 கடல் மைல். அவ்வளவுதான். அந்தப் பாதியைத் திரும்ப நிரப்ப, மேலே சொன்ன சோலார் பேனலுக்கு இரண்டரை நாள் வெயில் வேண்டும்.

வேகத்தைக் குறைத்தால்? புரொப்பல்லருக்குத் தேவையான சக்தி, தோராயமாக வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும். 4 நாட்டிலிருந்து 3 நாட்டுக்கு இறங்கினால் மின் செலவு பாதிக்கும் கீழே வந்துவிடும். அதே 4.8 யூனிட்டில் ஐந்தரை மணி நேரத்துக்கு மேல் ஓடலாம். தூரமும் 17 கடல் மைல் வரை நீளும். எலெக்ட்ரிக் படகு ஓட்டுபவர்கள் அவசரப்படாமல் இருப்பதற்கு இதுதான் காரணம்.

கடைசி 20 சதவிகிதம் ஏன் இழுக்கிறது?

ஈய பேட்டரியில் முதல் 80 சதவிகிதம் வேகமாக ஏறும். அதன்பின் வினைபுரிய மிச்சம் இருக்கும் ஈய சல்ஃபேட் குறைந்துவிடுவதால், பேட்டரி வாங்கும் கரன்ட்டும் குறைந்துகொண்டே போகும். கடைசி 20 சதவிகிதத்துக்கு மட்டும் பல மணி நேரம் ஆகும். அவசரப்பட்டு அதிகமாகத் தள்ளினால் தண்ணீர் பிரிந்து ஹைட்ரஜன் வாயு கிளம்பும். மூடிய அறையில் அது சேர்ந்தால் ஒரு தீப்பொறி போதும். அதனால்தான் படகின் பேட்டரி அறைக்குக் காற்றோட்டம் கட்டாயம்.

சரி, 80 சதவிகிதம் ஏறினால் போதும், கிளம்பலாம் என்றால்? அதிலும் வினை இருக்கிறது. முழுதாக சார்ஜ் ஏறாமல் நாள்கணக்கில் கிடந்தால், தகட்டில் மிச்சமிருக்கும் ஈய சல்ஃபேட் கெட்டியான படிகமாக இறுகிவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் அது கரையாது. அரைகுறை சார்ஜிலேயே சும்மா கட்டிக்கிடக்கும் படகுகளில் பேட்டரிகள் சீக்கிரம் செத்துப்போவது இதனால்தான். சின்ன சோலார் பேனல் ஒன்றாவது தினமும் கொஞ்சம் ஏற்றிக்கொண்டே இருந்தால் இந்தச் சாவைத் தள்ளிப்போடலாம்.

உப்புத் தண்ணீர் இன்னொரு ஆபத்து. கடல்நீர் ஈய பேட்டரிக்குள் புகுந்தால் நச்சுத்தன்மை கொண்ட குளோரின் வாயு உருவாகும். நீர்மூழ்கிக் கப்பல் வீரர்கள் அதிகம் பயந்த விஷயங்களில் இதுவும் ஒன்று.

இந்தச் சிக்கல்களால்தான் புதிய படகுகள் லித்தியம் பேட்டரிக்கு மாறுகின்றன. எடை பாதிக்கும் குறைவு. கொள்ளளவில் பெரும்பகுதியை எடுக்கலாம், கடைசி வரை வேகமாக ஏறும், அரைகுறையாக இருந்தாலும் கெடாது. விலைதான் அதிகம். மின்னழுத்தத்தையும் வெப்பத்தையும் கண்காணிக்கும் மின்னணுக் காவல் அமைப்பும் கட்டாயம். ஆனால் பேட்டரி மாறினாலும் கேள்வி மாறவில்லை. கடலில் ஒரு நாளைக்கு எத்தனை யூனிட் உள்ளே வருகிறது என்பதுதான், எத்தனை மைல் மோட்டாரில் போகலாம் என்பதை முடிவு செய்கிறது.

பிளான்டேவின் கடைசி ஆண்டுகள்

ஈய பேட்டரி பெரிய தொழிலாக வளர்ந்தபோது, அதன் வளர்ச்சியை முன்னெடுத்தது மற்றவர்களும் அவர்களின் நிறுவனங்களும்தான். பிளான்டே ஆய்வாளராகவே இருந்தார். 1887-ல் அவருடைய நூல் ஆங்கிலத்திலும் வெளியானது.

1889 மே 21-ம் தேதி, மூடோனில், 55 வயதில் அவர் இறந்தார். 34 ஆண்டுகளுக்கு முன் அந்தப் பறவை எலும்பைக் கண்டெடுத்த அதே மூடோன். ஈஃபிள் கோபுரத்தோடு பாரிஸ் உலகக் கண்காட்சி திறந்து அப்போது இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. மின் விளக்குகள் அந்தக் கண்காட்சியின் இரவுகளை ஒளிரவைத்துக்கொண்டிருந்தன. தேம்ஸில் பேட்டரிப் படகுகள் வாடகைக்கு ஓடிக்கொண்டிருந்தன. அவர் 25 வயதில் செய்துகாட்டியபோது இல்லாத சார்ஜிங் வசதி, அவர் இறக்கும்போது நதிகளில் வந்து நின்றது. மின்சார ஆய்வில் சாதிப்பவர்களுக்காக அவர் பெயரில் பிரெஞ்சு அறிவியல் அகாடமி ஒரு பரிசையும் நிறுவியது.

'பிளான்டே' பேட்டரி இன்றும் இருக்கிறதா?

இருக்கிறது. ஃபோரின் பசை பூசிய தகடுகள் சீக்கிரம் தயாராகும், எடை குறைவு. ஆனால் நாளாக ஆகப் பசை உதிரும். பிளான்டே வகைத் தகடு கெட்டியான ஈயம். மேல்பகுதி தேய்ந்தாலும் அடியில் இருக்கும் ஈயம் வினைபுரிய முன்வரும். அதனால் எடை அதிகம், விலை அதிகம், ஆயுளும் அதிகம். மின் நிலையங்கள், தொலைத்தொடர்பு நிலையங்கள் போன்ற, ஒரு நொடிகூடக் கரன்ட் நிற்கக் கூடாத இடங்களில் 20 ஆண்டுகளுக்கு மேல் உழைக்கும் காத்திருப்பு பேட்டரிகளாக அவை பயன்பட்டு வருகின்றன. பெயரும் 'பிளான்டே செல்' என்றே நிலைத்துவிட்டது.

படகுக்கு அந்த எடை ஒத்துவராது. ஆனால் எலெக்ட்ரிக் பாய்மரப் படகு வாங்கவோ மாற்றவோ யோசிப்பவர்களுக்கு பிளான்டேவின் வாழ்க்கையில் ஒரு பாடம் இருக்கிறது. மோட்டார் எத்தனை கிலோவாட், பேட்டரி எத்தனை யூனிட் என்பதெல்லாம் அடுத்த கேள்விகள். சார்ஜ் எங்கிருந்து, எந்த மின்னழுத்தத்தில், ஒரு நாளைக்கு எவ்வளவு வரும் என்பதுதான் முதலில் காகிதத்தில் போட்டுப் பார்க்கவேண்டிய கணக்கு. அந்தக் கணக்கு சரியாக வராததால்தான், 1860-ல் தயாராகிவிட்ட ஒரு கண்டுபிடிப்பு இருபது ஆண்டுகள் காத்திருந்தது.